எந்தக் கோபுரத்துக்கும் எட்டாத ஊர்

யாழ்ப்பாணத்து அச்சுவேலிச் சந்தையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மேடு என்று சொல்ல ஒன்றும் தென்படாது. செம்மண் தோட்டங்கள், பனங்கூடல்கள், வடகிழக்கே போனால் வல்லை வெளி, அதைத் தாண்டினால் தொண்டைமானாற்று நீரேரி. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடக்கும் தட்டையான தரை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போன மண்தான். ஆனால் 1980களில் இந்தப் பக்கத்தில் ரீவி வாங்கிய வீடுகள் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட அன்ரனாவைப் பற்றிப் பட்ட கவலைதான் அதிகம். இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, கம்பி இழுத்துக் கட்டி, வீட்டுக் கூரைக்கும் தென்னைக்கும் மேலாக அதை உயர்த்தினார்கள். உச்சியில் பூஸ்டர் ஒன்றும் மாட்டப்பட்டது. வீட்டின் வசதியைக் கிணற்றடியையும் கேற்றையும் பார்த்து மதிப்பிட்ட ஊரில் அன்ரனாவின் உயரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

இத்தனை பாடும் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை. ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அலை தலைக்கு மேலாகப் போய்விடும், கீழே இருக்கும் வீட்டில் படம் விழாது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், அலை எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் முதன்மைக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீட்டர். அங்கிருந்து அலை எட்டும் தூரம் 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அச்சுவேலி இருப்பதோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால். வடக்கே சென்னை 370 கிலோமீட்டர் அளவில். மேற்கே கொடைக்கானல் மலை 290 கிலோமீட்டர் அளவில். மூன்று திசையிலும் பெரிய கோபுரங்கள் இருந்தன. கணக்குப்படி பார்த்தால் ஒன்றுமே இந்த ஊருக்கு எட்டக்கூடாது.

ஆனால் எட்டியது. சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஓகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இடையில் மலையோ காடோ இல்லை, கடல்தான். கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாகவும் அதற்கு மேலே உள்ள காற்று சூடாகவும் உலர்ந்தும் இருக்கும் வேளைகளில், இரண்டுக்கும் நடுவே அலை அகப்பட்டுக்கொள்ளும். மேலே தப்பிப் போகாமல் கடல்பரப்பை ஒட்டியே வளைந்து நெடுந்தூரம் வரும். காற்று அடங்கிய மாலைகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் திரைகளில் சென்னை தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம் இந்த இயற்கைச் சித்துத்தான். காற்று மாறினால் அதே திரையில் புள்ளிமழை.

"வந்திட்டுதோ?"

"இல்லையடா தம்பி, இன்னும் கொஞ்சம் வடக்காலை திருப்பு. நில், நில்... ஐயோ, போட்டுது."

கம்பத்தடியில் ஒருவர், பெட்டிக்கு முன்னால் ஒருவர், நடுவில் வாசற்படியில் நின்று செய்தி கடத்த ஒரு சின்னப்பிள்ளை. வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை நிலையம் போட்ட 'ஒளியும் ஒலியும்' திரைப்பாடல் நிகழ்ச்சிக்காகவே பெட்டி இருந்த வீட்டு விறாந்தைகள் நிறைந்தன. பெட்டி இல்லாதவர்களுக்கு வீடியோக் கசெற் ஓட்டும் வாடகை டெக் இருந்தது. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் பார்ப்பது அந்தக் காலத்துக் கொண்டாட்டம். காசு சேர்த்து எடுப்பார்கள். இரண்டாவது படத்தோடு பாதிச் சனம் நித்திரை.

கொழும்பின் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியது. ஜப்பானின் நன்கொடையில் கட்டப்பட்ட நிலையம். மலையில் இருந்து வரும் அலை வடக்கே எட்டாது என்பது பொறியியலாளர்களுக்குத் தெரியும். அதனால் ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கொக்காவிலில் ஒரு அஞ்சல் நிலையம் அமைத்தார்கள். தெற்கிலிருந்து வரும் ஒளிபரப்பை வாங்கி மறுபடி வீசுவது அதன் வேலை. கொக்காவிலில் இருந்து அச்சுவேலி நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு அஞ்சல் நிலையத்தின் கடைசி எல்லையில்தான் மறுபடியும் இந்த ஊர். தவிர, ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்த நேரமும் குறைவு. எட்டாத தூரத்துச் சென்னையை எட்டிப் பிடிக்க யாழ்ப்பாணத்தார் ஏன் அவ்வளவு இரும்புக் குழாய் வாங்கினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கோபுரங்களைப் பற்றிய இந்தக் கதையில் பலர் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. இலங்கையின் தொலைக்காட்சி பெரிய கோபுரத்தில் தொடங்கவில்லை. ஒரு தோட்டக் காணியில், குறைந்த சக்தி கொண்ட சின்னக் கருவியோடுதான் தொடங்கியது.

அதற்கும் முன்னால் இந்த நாட்டில் தொலைக்காட்சி பார்த்தவர் என்று சொல்லக்கூடியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1975 இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பும் பரிசோதனை நடந்தது. செயற்கைக்கோள் வழித் தொடர்பு பற்றி 1945 இலேயே எழுதியவர் என்ற மரியாதையில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டுக்கே வந்து ஒரு பெரிய வட்ட அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். தொலைக்காட்சி நிலையமே இல்லாத நாட்டில் ஒரு வீட்டில் மட்டும் விண்வெளியிலிருந்து படம் வந்துகொண்டிருந்தது. அவர் எழுதிய கதைகளிலேயே இதை ஒரு காட்சியாக வைத்திருந்தால் வாசகர்கள் மிகை என்றிருப்பார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1979 ஏப்ரல் 13, புத்தாண்டை ஒட்டிய நாள். கொழும்புக்கு அருகே பன்னிப்பிட்டியவில் மஹல்வராவ தோட்டத்திலிருந்து ஒரு சிறு நிலையம் ஒளிபரப்பத் தொடங்கியது. சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பு, சுருக்கமாக ஐ.ரி.என். முன்னின்றவர்கள் ஷான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்தனவும். பொப் கிறிஸ்டி என்ற அமெரிக்கர் தொழில்நுட்பத்தில் கைகொடுத்தார். அலை எட்டியது கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும். கண்டிக்கே போகாது, யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனாலும் நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம் அதுதான். அரசாங்கம் அல்ல, சில தனியார் தங்கள் முயற்சியில் உருவாக்கிய உள்ளூர் நிலையம்.

அது எத்தனை நாள் அவர்கள் கையில் இருந்தது? 53 நாள். 1979 ஜூன் 5 அன்று ஐ.ரி.என். அரசுடைமையானது.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஷான் விக்கிரமசிங்க சாமானியர் அல்லர். அப்போதைய ஜே.ஆர். ஜயவர்தன அரசில் அமைச்சராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவின் அண்ணன். இருவரும் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை உருவாக்கிய டி.ஆர். விஜேவர்தனவின் பேரன்மார். அந்த லேக் ஹவுஸை 1973 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு எடுத்துக்கொண்டது. எதிர்க்கட்சி ஆட்சியில் குடும்பத்தின் பத்திரிகை போனது. ஆறு வருடம் கழித்துச் சொந்தக் கட்சி ஆட்சியிலேயே குடும்பத்தின் தொலைக்காட்சியும் போனது. அமைச்சரின் அண்ணனுக்கே இந்தக் கதி என்றால், ஊர்பேர் தெரியாத ஒரு கூட்டுறவுச் சங்கமோ பாடசாலையோ நிலையம் தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம்.

ஐ.ரி.என். பிறகு வளர்ந்தது, நாடெங்கும் போனது, 1992 இல் கம்பனியாக மாற்றப்பட்டது. தமிழுக்கென்று அது 'வசந்தம்' அலைவரிசையைத் தொடங்கியது 2009 இல். தோட்டக் காணியில் பிறந்த நிலையம் முப்பது வருடத்தில் தமிழுக்கு ஒரு தனி வாசல் திறந்தது என்று சொல்லலாம். அதுவும் கொழும்பு வாசல்தான்.

யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு நிலையம் இருக்கவே இல்லையா? இருந்தது. அதன் கதை இன்னும் சிக்கலானது.

விடுதலைப் புலிகள் இயக்கத்தின் வீடியோப் பிரிவான 'நிதர்சனம்', 1980களின் நடுப்பகுதிக்குப் பின் குடாநாட்டுக்குள் தன் ஒளிபரப்பை நடத்தியது. அந்தக் காலத்தில் அரச படையினர் முகாம்களுக்குள் அடங்கியிருந்தனர், நகரமும் கிராமங்களும் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. நிலையம் இருந்த இடம் கொக்குவில். அச்சுவேலிக்கும் அதற்கும் நேர்கோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். தொலைக்காட்சி என்றாலே சென்னை அல்லது கொழும்பு என்றிருந்த சனத்துக்கு, தங்கள் வீதியும் தங்கள் கோயிலும் தங்கள் பேச்சும் திரையில் வந்தது புதிய அனுபவம். அன்ரனாவை உயர்த்த வேண்டியதில்லை. திருப்ப வேண்டியதும் இல்லை.

இந்த நிலையத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியின் பொற்காலம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. அதை அப்படியே ஒப்புக்கொள்வது கடினம். உள்ளூர் முகங்கள் வந்தன, உண்மை. ஆனால் வந்தது ஒரே இயக்கத்தின் குரல். 1986 இல் மற்ற இயக்கங்கள் ஒவ்வொன்றாக அடக்கப்பட்டுவிட்டன. மாற்றுக் கருத்துக்கு அந்தத் திரையில் இடம் இருந்திருக்க முடியாது. ரூபவாஹினியில் அரசின் குரல், நிதர்சனத்தில் இயக்கத்தின் குரல். இரண்டுக்கும் நடுவில் ஊரின் குரலுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்ற கேள்வி அப்போதும் எழவில்லை, எழுப்பக்கூடிய சூழலும் இல்லை.

1987 ஜூலையில் இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானது. இந்திய அமைதிப்படை வந்திறங்கியது. ஒக்டோபர் இரண்டாவது வாரத்தில் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டபோது, முதலில் குறிவைக்கப்பட்டவை ஆயுதக் கிடங்குகள் மட்டுமல்ல. கொக்குவில் தொலைக்காட்சி நிலையமும் தாவடியில் இருந்த வானொலி நிலையமும் கைப்பற்றப்பட்டன. 'ஈழமுரசு', 'முரசொலி' நாளிதழ்களின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. பெரிய யுத்தம் ஒன்றின் முதல் நாட்களிலேயே ஒரு படை நேரம் ஒதுக்கி எடுத்த அளவுக்கு அந்தச் சின்னக் கருவிக்கு மதிப்பு இருந்திருக்கிறது.

அடுத்து விழுந்தது கொக்காவில். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. ரூபவாஹினி அஞ்சல் நிலையத்தைக் காவல்காத்த இராணுவ முகாம் ஜூலை 11 அன்று வீழ்ந்தது, கோபுரமும் அழிந்தது. இருபது வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் கோபுரம் இல்லை. 174 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் எழுந்து திறக்கப்பட்டது 2011 ஜூனில்.

கோபுரம் போன அதே வருடம் குடாநாட்டில் மின்சாரமும் போனது. பெற்றரிக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. ரீவி பார்க்க வேண்டுமென்றால் ஜெனரேற்றரைக் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவிடுவார்கள். புகை முற்றமெங்கும் சூழும். மண்ணெண்ணெய் விலையை நினைத்தால் படம் பார்க்க மனம் வராது. உயரமான அன்ரனாக் கம்பங்கள் பல வீடுகளில் கொடிக்கயிறு கட்டவும் முருங்கைக்காய் பறிக்கவும் பயன்பட்டன.

1995 ஒக்டோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேறியது. அந்த மாதம் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கமாகப் பெயர்ந்தது. கையில் எடுத்துக்கொண்டு போனது அரிசி, உடுபுடவை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். கல்யாணவீட்டு வீடியோக் கசெற்றுகளும் ஊர்த் திருவிழாப் பதிவுகளும் அலுமாரிகளிலேயே கிடந்தன.

இங்கே கொஞ்சம் நின்று உலகத்தின் வேறு மூலைகளையும் பார்க்கலாம். சின்ன நிலையம் என்பது வறிய நாடுகளின் கைவேலை என்று நினைப்பது தவறு.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் கற்ஸ்கில் மலைத்தொடரில் லேன்ஸ்வில் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே குடியேறிய 'வீடியோஃப்றீக்ஸ்' என்ற இளைஞர் குழு, 1972 முதல் உரிமம் எதுவும் இல்லாமல் ஒரு தொலைக்காட்சி நிலையம் நடத்தியது. பார்வையாளர்கள் சில நூறு பேர். கிராமத்துக் குழந்தைகள் நடித்தார்கள், விவசாயிகள் பேசினார்கள். படம் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பவர்களே தொலைபேசியில் சொன்னார்கள். சில வருடம் ஓடியது, யாரும் வந்து மூடவில்லை. அந்தக் கிராமம் பள்ளத்தாக்கில் இருந்ததால் வெளி நிலையங்களின் அலை ஒழுங்காக வராது என்பதே அவர்களுடைய பலம். அச்சுவேலிக்கும் அதே பலம் இருந்தது, பயன்படுத்த முடிந்ததில்லை.

அமெரிக்க அரசு பத்து வருடத்தில் இந்தத் தேவையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1982 இல் குறைசக்தித் தொலைக்காட்சி என்று தனி உரிம வகை உருவானது. வி.எச்.எஃப். அலைவரிசையில் 10 வாட், யூ.எச்.எஃப். அலைவரிசையில் 1,000 வாட் என்று ஆரம்பத்தில் உச்ச வரம்பு வைத்தார்கள். பிறகு வரம்பு தளர்ந்தது. பெரிய நகரங்களின் நிலையங்கள் கண்டுகொள்ளாத சிறுபான்மை மொழிக்காரர்களும் தேவாலயங்களும் கல்லூரிகளும் சிறு நகரங்களும் விண்ணப்பித்தன. அந்த நிலையங்களின் அனலொக் ஒளிபரப்பு நின்றது 2021 ஜூலையில்தான்.

இத்தாலியின் பொலோஞா நகரில் 2002 இல் நடந்தது இன்னும் துணிச்சலான காரியம். ஒர்ஃபேயோ என்ற தெருவில் வசித்தவர்கள், அந்தத் தெருவின் பெயரிலேயே ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். அலை எட்டிய தூரம் இருநூறு மீட்டர் அளவு. பெரிய நிலையமொன்றின் அலை அந்த இடத்தில் விழாமல் இருந்த ஒரு சின்ன நிழலில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தங்கள் தெருவுக்கு மட்டும் ஒளிபரப்பினார்கள். நாட்டின் பெரும்பாலான தொலைக்காட்சிகள் ஒரே மனிதரின் செல்வாக்கில் இருந்த காலம் அது. சில்வியோ பெர்லுஸ்கோனி தனியார் அலைவரிசைகளின் உரிமையாளராகவும் நாட்டின் பிரதமராகவும் இருந்தார். தெருக்காரர்களைப் பார்த்து இத்தாலியின் மற்ற ஊர்களிலும் 'தெருத் தொலைக்காட்சி'கள் முளைத்தன.

இந்தியா வேறு வழியில் போனது. 1984 இல் தேர்தலுக்கு முன்னால், நாளுக்கு ஒன்று என்று சொல்லும் வேகத்தில் தூர்தர்ஷன் ஊர் ஊராகக் குறைசக்திக் கோபுரங்களை நட்டது. பல இடங்களில் சக்தி வெறும் 100 வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு நகரம் படம் பார்த்தது. ஆனால் அவை டெல்லியையும் மாநிலத் தலைநகரையும் திருப்பி வீசிய கண்ணாடிகள் மட்டுமே. ஊருக்குச் சொந்தமாக ஒரு நிமிடம்கூட இல்லை. கோபுரத்தின் அளவு சின்னதாக இருந்தால் மட்டும் நிலையம் உள்ளூர் நிலையமாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மின் கணக்கில் ஒர்ஃபேயோ தெருவும் தூர்தர்ஷனின் கோபுரமும் சின்னவைதான். படத்தில் யார் முகம் வந்தது என்ற கணக்கில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தூர்தர்ஷன் கோபுரங்களில் பெரும்பாலானவை இப்போது நிறுத்தப்பட்டுவிட்டன. எல்லையோர, முக்கிய இடங்கள் ஐம்பதளவில் மட்டும் பழைய அனலொக் ஒளிபரப்பைத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள்.

மறுபடி அச்சுவேலிக்கு வருவோம், அதே கணக்கோடு. இந்த ஊரில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் நட்டால் அலை 22 கிலோமீட்டர் எட்டும். யாழ்ப்பாண நகரம் இங்கிருந்து நேர்கோட்டில் 15 கிலோமீட்டர் அளவு. பருத்தித்துறையும் ஏறத்தாழ அவ்வளவே. சாவகச்சேரி 14, காங்கேசன்துறை 10 இற்கும் குறைவு. வீட்டுக் கூரையில் சாதாரண அன்ரனா இருந்தால் ஊர்காவற்றுறையும் வட்டத்துக்குள் வந்துவிடும். மூன்று பெரிய கோபுரங்களுக்கும் எட்டாத இந்தத் தட்டைத் தரை, தனக்கென்று ஒரு சின்னக் கோபுரம் வைத்துக்கொள்ள இலங்கையிலேயே மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று. மலைநாட்டில் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு அஞ்சல் கருவி வேண்டும். இங்கே ஒன்று போதும்.

தடை இயற்கையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1982 ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, தனியார் ஒளிபரப்புக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் கொடுக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தனியார் நிலையங்கள் வந்தது இந்த வாசலால்தான். 1997 இல் ஒளிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்க அரசு ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. அந்தச் சபை அரசின் பிடியில் இருக்கும், சுயாதீனமாக இயங்காது என்று கண்டு உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பதிலாகச் சுயாதீனமான சபை ஒன்றும் வரவில்லை, பழைய 28 ஆம் பிரிவே நிலைத்தது. சமூக நிலையம், ஊர் நிலையம், குறைசக்தி நிலையம் என்று தனி உரிம வகை எதுவும் அதில் கிடையாது. கொத்மலையில் 1989 இல் தொடங்கிப் பேர்பெற்ற சமூக வானொலிகூட அரச வானொலியின் சிறகுக்குள் இருந்துதான் இயங்கியது.

உரிமம் அமைச்சர் கையில் இருந்தால் என்னவாகும் என்பதற்கு ஷான் விக்கிரமசிங்கவின் இரண்டாவது நிலையமே உதாரணம். ஐ.ரி.என்.ஐ இழந்தவர் 1993 இல் ரி.என்.எல். தொலைக்காட்சியைத் தொடங்கினார். 2018 இல், உரிமக் கட்டணமும் புதுப்பித்தலும் தொடர்பான தகராறில், பொல்கஹவெலவில் இருந்த அதன் ஒளிபரப்பு நிலையத்துக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சீல் வைத்தது. அப்போது பிரதமர் யார் என்றால், தம்பி ரணில். ஒரே மனிதர், இரண்டு நிலையம், இரண்டு தடவையும் குடும்பத்தில் ஒருவர் அரசின் உச்சியில். சட்டத்தின் அடித்தளம் சரியில்லாத இடத்தில் உறவுமுறையும் உதவாது.

அனலொக் போய் டிஜிட்டல் வந்தால் ஒரே அலைவரிசையில் பல நிலையங்களுக்கு இடம் கிடைக்கும், சின்னவர்களுக்கும் வாய்ப்பு வரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். 2014 இல் இலங்கை ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தது. கொழும்பில் 350 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரம் 2019 இல் திறக்கப்பட்டது. அது இன்று பார்வையாளர்கள் ஏறி நின்று படம் எடுக்கும் இடமாகப் பேர்பெற்றிருக்கிறது. டிஜிட்டல் மாற்றம் மட்டும் வருடக்கணக்கில் இழுபட்டது.

இதற்குள் அச்சுவேலியின் கூரைகளில் அன்ரனாக்கள் துருப்பிடித்து இறங்கிவிட்டன. வட்டத் தட்டுகள் வந்தன, கேபிள் வந்தது, பிறகு கைபேசி. கோயில் தேர்த்திருவிழாவை இன்று எவரும் கைபேசியில் நேரலையாக அனுப்பலாம். ரொறன்ரோவில் இருக்கும் மகளும் லண்டனில் இருக்கும் மருமகனும் பார்ப்பார்கள். எனில் ஊர்த் தொலைக்காட்சி வந்துவிட்டது என்று சொல்லலாமா? ஓரளவுக்குத்தான். கைபேசிப் படத்துக்கு ஊர் எல்லை கிடையாது. அதை யாருக்குக் காட்டுவது, எப்போது மறைப்பது என்று தீர்மானிப்பது கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனம். நிலையம் ஒன்றுக்கு நேர அட்டவணை உண்டு, பொறுப்பாசிரியர் உண்டு, தவறு வந்தால் போய்க் கேட்க ஒரு வாசற்படி உண்டு. பிரதேச சபைக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது, கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு, வெங்காயம் இன்று சந்தையில் என்ன விலை என்பவற்றைத் தினம் சொல்ல ஒருவர் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். கைபேசி அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆகவே முடிவாக ஒரு கோரிக்கை, ஒளிபரப்புச் சட்டத்தை மறுபடி எழுதப்போவதாக அவ்வப்போது சொல்லும் அரசுக்கு: பெரிய கம்பனிகளுக்கான உரிமத்தோடு, இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும் இலாப நோக்கற்ற நிலையத்துக்கும் ஒரு வகையை எழுதுங்கள். உரிமம் கொடுப்பவர் அமைச்சராக இருக்கக்கூடாது.

வாசகர்களுக்கும் ஒன்று உண்டு. 1980களின் யாழ்ப்பாணத் தொலைக்காட்சியைப் பற்றி, டெக் காலத்தைப் பற்றி, எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு. இடப்பெயர்வில் தப்பிய வி.எச்.எஸ். கசெற்றுகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, நாடகம், திரையிலிருந்து பதிந்த நிகழ்ச்சி எதுவாகவும் இருக்கலாம். ஈரத்தில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கும், நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஓடவைக்கும் டெக்கும் கிடைப்பது அரிதாகிவருகிறது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் அவற்றைக் கொடுத்துப் பிரதி எடுக்கச் செய்யுங்கள். கசெற்றின் முதுகில் எழுதியிருக்கும் திகதியையும் ஊர்ப் பெயரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.